கேமராவைக் கீழே வைக்காதவர்

“பேட்டரி!” என்றார் சுக்கூர் பாய், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையில் ஒரு பெண் மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால் நாலைந்து ஜாம்பிகள். “ஒண்ணேகால் மணி நேரமா கேமராவப் புடிச்சுகிட்டே ஒருத்தன் கூட ஓடுறான். நடுவுல ஒரு தடவ பேட்டரி மாத்துனானா? கார்டு மாத்துனானா? இவனுக்கு மட்டும் இந்த பேட்டரி எந்தக் கடையில கெடைக்குதுன்னு தெரியல.” அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். சத்தம் வைப்பதே இல்லை. படம் எப்படி ஆடுகிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்.

தென்னூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிறது அவருடைய ஸ்டூடியோ. மில் ஓடும்போது தரை அதிரும், மேசை அதிரும், சுவரில் மாட்டிய மணமக்கள் எல்லாரும் சட்டத்துக்குள் லேசாக அதிர்வார்கள். அந்த நேரத்தில்தான் அவர் டீ குடிப்பார். டீக்கடைக்குச் சொல்லி அனுப்பும்போது உயரமான டம்ளரில் பாதி மட்டும் ஊற்றச் சொல்வார். “சுகர் இருக்குல்ல, அளவாத்தான் குடிக்கணும்” என்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அப்துல் சுக்கூருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பத்தோரு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். பாலக்கரை நிக்காஹ், பொன்மலை சர்ச் கல்யாணம், ஸ்ரீரங்கத்து ஊஞ்சல், எதையும் விட்டதில்லை. எந்தச் சடங்குக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எந்த அத்தை எப்போது அழுவாள் என்பதெல்லாம் வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பந்தியில் கடைசியாகச் சாப்பிடுவார். மூன்று நாள் கூடவே இருந்து எடுத்த வீட்டுக்கு, ஒரு மாதம் கழித்து ஆல்பத்தோடு போனால், கதவைத் திறந்து “யாருங்க வேணும்?” என்று கேட்பார்கள். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

நான் அவரைத் தெரிந்துகொண்டதே ஒரு ஜாம்பிப் படத்தால். நான் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கிறவன். பிழைக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்கு. தில்லைநகரில் ஒரு கோச்சிங் சென்டரில் கணக்குச் சொல்லித்தரும் யாழினி, தான் எடுக்கப்போகும் படத்துக்கு வசனம் எழுத என்னைக் கூப்பிட்டாள். பெருமையாகப் போனேன். ஜாம்பிகளுக்கு வசனமே கிடையாது. மற்றவர்களுக்கு “ஓடுங்க, ஓடுங்க” என்பதுதான் வசனம். இருபது வருஷம் எழுதியதற்குக் கிடைத்த மரியாதை அது.

இந்த வகைப் படத்துக்கு ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்று பெயராம். செத்துப்போன ஒருவன் கடைசிவரை எடுத்த வீடியோ யார் கையிலோ கிடைத்து, அதை அப்படியே நமக்குப் போட்டுக்காட்டுவதுபோல் எடுப்பது. யாழினியின் கதையில் துபாயிலிருந்து வந்த ஒரு மாமா, புதுக் கேமராவும் கையுமாக அக்காள் மகளின் நிச்சயதார்த்தத்தை எடுக்கிறார். அப்போது ஊருக்குள் ஜாம்பிகள் வந்துவிடுகின்றன. மாமா திரையில் வரவே மாட்டார். குரலும் கேமராவும்தான் அவர். மாமாவின் கேமராவை உண்மையில் பிடிக்கப்போகிறவர் சுக்கூர் பாய். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அவர் ஒரு மாதம் அந்த மாதிரிப் படங்களாகவே பார்த்துத் தள்ளினார். கூடவே உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

குறை சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். “பத்து பேரு கத்துறான், கதவு ஒடையுது, ஆனா ஹீரோ மெதுவாப் பேசுறது மட்டும் காதுல வச்சு ஊதுன மாதிரி கேக்குது. மைக்க எங்க வச்சிருக்கான்?” என்பார். ஓடுகிறவன் எடுத்த படத்தில் எல்லார் முகமும் தலை வெட்டுப்படாமல் விழுவது அவருக்கு ஆகவே ஆகாது. எல்லாவற்றையும்விட அவருக்கு எரிச்சல் தருவது பொய் ஆட்டம். “பயந்தவன் கை சின்னதாத்தாங்க நடுங்கும். இவனுங்க கொடி ஆட்டுற மாதிரி கேமராவ ஆட்டுறானுங்க. தல சுத்துதே தவிர பயம் வரல.” முதல் அரைமணி நேரம் எல்லாரும் சும்மா கேக் வெட்டிக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் இருப்பதும் அவருக்குப் பிடிக்காது. “இத நான் கல்யாணத்துலயே தெனம் பார்க்கிறேனே” என்று தள்ளிவிடுவார். யாழினிக்கோ அந்த அரைமணி நேரம்தான் உயிர். அதை நம்பினால்தான் பிறகு வருவதையும் நம்புவார்கள் என்று சண்டைக்கு வருவாள்.

நல்லதையும் மறைக்கமாட்டார். “மத்த படத்துல ஜாம்பிய முழுசாக் காட்டிடுவான். காட்டிட்டா அப்புறம் என்ன இருக்கு? இதுல ஓரத்துல ஒரு கை வரும், இவன் திருப்புறதுக்குள்ள போயிடும். நம்ம பார்க்கணும்னு தவிக்கிற பக்கம் அவன் திருப்பவே மாட்டான். அங்கதான் நமக்கு அடிவயிறு கலங்குது.” செலவில்லாமல் எடுக்கலாம், நடிக்கத் தெரியாதவர்களையும் வைத்து எடுக்கலாம் என்பதையும் சொல்வார். ஒருநாள் படம் முடிந்து திரை கறுத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மத்த படத்துல கேமராக்காரன்னு ஒரு ஆளே கெடையாதுங்க. இதுல மட்டும்தான் அவனும் ஒரு ஆளு. பேரு இருக்கு. அழுவுறான். அவனுக்காக நம்ம பயப்படுறோம்” என்றார்.

அத்தனை ஆபத்தில் அவன் ஏன் கேமராவைக் கீழே போடாமல் ஓடுகிறான் என்று இந்தப் படங்களைப் பார்க்கும் எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடைக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். “நான் எடுத்துகிட்டேதான் நின்னேன். நிறுத்தணும்னே தோணல. யாரோ தண்ணி தண்ணின்னு கத்துனப்பதான் என் கையில கேமரா இருக்குறதே ஞாபகம் வந்துச்சு.” பெரியவர் பிழைக்கவில்லை. பத்து நாள் கழித்து அவருடைய வீட்டம்மா ஆள் அனுப்பி, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் தனியாகப் பதிந்து வாங்கிக்கொண்டாராம்.

அவருடைய வலது கை நடுங்குகிறது என்பதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி ரோஷன் பேகம். சாப்பாட்டுத் தூக்கோடு ஸ்டூடியோவுக்கு வந்தவர், பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, “நீங்க அவுககூடவே இருக்கீங்க, கண்டுபிடிச்சிருப்பீங்க” என்று ஆரம்பித்தார். நான் ஒன்றையும் கண்டுபிடித்திருக்கவில்லை. எழுத்தாளன் லட்சணம். “சட்டப் பித்தான் நான்தாங்க போட்டுவிடுறேன். டாக்டர் என்னமோ நரம்புன்னு பேரு சொன்னாரு. மாத்திரை திங்கிறாக, கேக்கல. வெளிய சொல்லிடாதீங்க. தென்னூர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அப்புறம் ஒரு வீட்லயும் கூப்பிட மாட்டாங்க. கேமரா இல்லேன்னா அவுக மனுசனா இருக்க மாட்டாக.”

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் தொடங்கியதாம். வீடியோவைப் பார்த்த பெண்ணின் தகப்பனார் கூப்பிட்டுவைத்து, “என்ன பாய், மாங்கல்யதாரணத்தப்போ படம் இப்படி அலையறதே? நன்னா எடுக்கறவராச்சே நீங்க” என்று வருத்தப்பட்டிருக்கிறார். மேடைப் பலகை ஆடியது என்று இவர் பொய் சொல்லியிருக்கிறார். மறுநாளே ஒரு கிம்பல் வாங்கினார். கேமராவை அந்தப் பிடியில் மாட்டிவிட்டால் கை எப்படி ஆடினாலும் படம் ஆடாது. இந்தக் காலத்தில் எல்லாரும் அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருஷம் அந்தப் பிடிதான் அவரைக் காப்பாற்றியது.

படப்பிடிப்பு அரியமங்கலத்தில், பூட்டிக் கிடந்த ஒரு பட்டறை ஷெட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் நடந்தது. ஜாம்பிகள் பதினொரு பேர். எடிட்டர் ஆசீர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன். கூட வேலை செய்கிறவர்களையே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். வாரம் முழுவதும் ஷிப்ட் பார்த்த அசதி முகத்திலேயே இருந்ததால் மேக்கப் அதிகம் தேவைப்படவில்லை. சோள மாவு, காபித்தூள், ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடர். ஈ மொய்த்தது. அது இன்னும் நன்றாக இருக்கிறது என்று யாழினி சந்தோஷப்பட்டாள்.

ஜாம்பிகள் எல்லாருக்கும் ஒன்றாக லீவு கிடைத்தது முதல் ஞாயிறு மட்டும்தான் என்பதால் துரத்தல் காட்சிகளை முதலில் எடுத்தார்கள். கதவு உடைகிறது, கூட்டம் உள்ளே வருகிறது. சுக்கூர் பாய் கிம்பலும் கையுமாக நின்று, இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஒவ்வொரு ஜாம்பியின் முகத்திலும் நிதானமாக நின்று நின்று எடுத்தார். பழக்கதோஷம் ஜாம்பிகளையும் விடவில்லை. கேமரா தன் பக்கம் வந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் முடியைச் சரிசெய்துகொண்டார்.

“பாய், நீங்க உயிருக்குப் பயந்து ஓடுறீங்க. இப்படி வரிசையா எடுக்கிறீங்களே?” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் யாழினி.

“ஒருத்தர விட்டாலும் பின்னாடி கோவிச்சுக்குவாங்கம்மா” என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“அத மொதல்ல கழட்டுங்க. துபாய் மாமாகிட்ட ஏது கிம்பல்?”

“அது இல்லாம எடுத்தா பார்க்கிறவனுக்குத் தலவலி வரும்மா.”

“அந்தத் தலவலிதான் பாய் எனக்கு வேணும்.”

கழற்றுவதற்கு அவருக்கு நெடுநேரம் ஆனது. அப்போது நான் ரோஷன் பேகம் சொன்னதை நினைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். பிறகு எடுத்தார்கள். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். வீசி ஆட்டும் ஆட்டமில்லை. விடாமல், சின்னதாக, உள்ளேயிருந்து வருகிற நடுக்கம். பூசிய மாவும் பாகும் தெரிந்தும் எனக்குப் பயமாக இருந்தது. யாழினி கையைத் தேய்த்துக்கொண்டு, “எப்படி பாய்? எனக்கே மயிர்க்கூச்செறியுது” என்றாள்.

“முப்பத்தோரு வருஷக் கைம்மா” என்றார் பாய். அன்று அவர் முகத்தில் இருந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. போகிற வழியில் பாலக்கரையில் இறங்கிப் பிரியாணி வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் மீன் குழம்பு வைத்திருந்தார்கள், திட்டு வாங்கினாராம். அதையும் மறுநாள் பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு மனுஷனின் வியாதியைப் பார்த்து நாங்கள் கைதட்டியிருந்தோம்.

மூன்றாவது ஞாயிறு நிச்சயதார்த்தக் காட்சிகள். ஜாம்பி வருவதற்கு முந்தைய அந்த அரைமணி நேரம். தாம்பாளம் வருகிறது, சந்தனம் கொடுக்கிறார்கள், பெண்ணுக்குப் பூ வைக்கிறார்கள். மாமா கூட்டத்துக்குள் நடந்துகொண்டே எடுக்கிறார். வெறும் கை, அமைதியான கை. முதல் ஷாட் ஆடியது. “இன்னொரு தடவ பாய்” என்றாள் யாழினி. இரண்டாவதும் ஆடியது.

“இங்க ஆடக் கூடாது பாய். இங்க ஸ்டெடியா இருந்தாத்தான், பின்னாடி ஆடும்போது இந்த ஆளுக்கு என்னமோ ஆயிடுச்சேன்னு பார்க்கிறவனுக்குப் பதறும். மொதல்லேருந்தே ஆடுனா அவனுக்குப் பழகிப்போயிடும்.”

“கிம்பல் போட்டுக்கட்டுமா?”

“போட்டுப் பார்த்தோமே. மெதக்குது. கையில இருக்கிற மாதிரியே தெரியல.”

“அப்ப ஸ்டாண்டு?”

“மாமா நடக்கணும் பாய்.”

தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுத்தார். முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். ஆறாவது தடவை கேமராவை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. தாம்பாளம் ஏந்தி நின்றவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஆசீர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

“அன்னிக்கு ஜாம்பிங்க வர்றதுக்கு முன்னாடி, கேமராவ ஆன் பண்ணிட்டுச் சும்மா நின்னீங்கல்ல பாய், அதுலயும் இதே ஆட்டம்தான் இருக்கு” என்றான்.

சுக்கூர் பாய் முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

யாழினி அவர் கையைப் பார்த்தாள். “எத்தன நாளா பாய்?”

“ரெண்டு வருஷமா.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கேமராவக் குடுத்திருப்பியாம்மா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கி ஆசீரிடம் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. மூன்று மாத உழைப்பு, பதினொரு பேரின் ஞாயிற்றுக்கிழமைகள், அவளுடைய அரைமணி நேரம். ஆனாலும் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. துரத்தல் காட்சிகள் எல்லாம் அவர் எடுத்தபடியே இருக்கும், டைட்டிலில் அவர் பெயரைப் போடுவேன் என்று யாழினி சொன்னாள்.

“பேரு வேணாம்மா” என்றார் பாய். “பேரப் பார்த்தா, கை ஏன் இப்படி ஆடுதுன்னு கேப்பாங்க. கல்யாண வீட்டுக்காரங்க பார்த்தா என் பொழப்பு போயிடும். ஆசீர் பேரையே போட்டுக்க.”

அதோடு வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் வந்தார். வேலையில்லாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார், சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். பொன்மலையிலிருந்து ஒரு ஜாம்பி அன்று வரவில்லை. “சும்மாதான உக்காந்திருக்கேன். எனக்குப் பூசி விடுங்க” என்று மேக்கப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். சட்டையைக் கழற்றிக் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது பித்தானுக்காகத் திணறினார். நான் போய்ப் போட்டுவிட்டேன். முகத்தில் மாவும் வாயோரத்தில் பாகுமாக எழுந்து வந்தபோது, நடுங்கும் கையைப் பார்த்து மற்ற ஜாம்பிகள், “பாய், சூப்பரா பண்றீங்க” என்றார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கடைசிக் காட்சி. மாமா சாகிறார், கேமரா கையிலிருந்து விழுகிறது, விழுந்த இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாழினி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: “எல்லாப் படத்துலயும் கீழ விழுற கேமரா கரெக்டா வாசலப் பார்த்து நிமிர்ந்து உக்காந்துக்கும். நமக்கு அந்தப் பொய் வேணாம். கோணலா விழுந்தா கோணலாவே கெடக்கட்டும். யாரும் தொடக் கூடாது. அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க பாட்டுக்கு நடந்து போங்க.”

சாக்குகளைப் பரப்பி, ஆசீர் கேமராவை நழுவவிட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நானும் யாழினியும் லேப்டாப் முன்னால் இருந்தோம்; ஆசீரும் ஒதுங்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்றான். ஒயர் வழியாகப் படம் வந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி சிமென்ட் தரை, மேலே ஒரு மூலையில் சரிவாகக் கதவு. நன்றாகத்தான் இருந்தது. கால்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு ஜாம்பியாகக் காலை இழுத்துக்கொண்டு கேமராவைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

கடைசியாக வந்த கால் நின்றது. ஆசீர் ‘கட்’ சொல்ல வாயெடுத்தான். யாழினி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுக்கூர் பாய் குத்தவைத்து உட்கார்ந்தார். மாவு பூசிய முகம் திரை முழுக்க வந்தது. இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்தார்; படம் நடுங்கியது; நடுங்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நிமிர்ந்தது. மடிந்த சாக்கு நுனி ஒன்றைத் தாழ்ந்த பக்கத்தில் செருகிவிட்டு, கைகளை எடுத்தார். படம் அசையாமல் நின்றது. தலையைச் சாய்த்து மட்டம் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, போகிற ஜாம்பிகளின் முதுகை மறைத்துவிடாமல், சுவரோரமாக ஒதுங்கி, குனிந்தபடியே படத்தை விட்டு வெளியே போனார்.